ரோசம்மாவின் முட்டியும் மூன்று சிப்பமும்

பாக்கெட் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அஸ்ஸலாமு அலைக்கும், தோத்திரம், வணக்கம். மூன்றையும் சொல்லிவிட்டேன். அவரவருக்கு உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என்னைப் பேசச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மேலே சுற்றிய ஃபேன் சத்தம்தான் மைக்கில் கேட்டது. யாருக்கோ மௌன அஞ்சலி என்று நினைத்து எல்லோரும் எழுந்து தலை குனிந்தீர்கள். வேறு வழி தெரியாமல் நானும் குனிந்தேன். யார் மௌத்தானார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நிமிரும்போது டீ வந்துவிட்டது, நான் தப்பித்தேன்.

அதனால்தான் எழுதித் தருகிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருக்கும், சங்கதி நேராக இருக்கும். கருவாட்டை எப்படிக் காயப் போடுவது, எப்படித் தரம் பிரிப்பது என்றெல்லாம் மேஸ்திரி சொல்லித் தருவார். நான் ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். அந்த நாளை நினைத்தால் தொழுகைப் பாயில் உட்கார்ந்திருக்கும்போதுகூடச் சிரிப்பு வந்துவிடுகிறது. மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்துவிட்டு மறுபடியும் சிரிக்கிறேன்.

நடந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். அப்போது நாங்கள் நாற்பது பெண்கள் கடற்கரையை ஒட்டிய களத்தில் வேலை பார்த்தோம். களம் என்றால் கருவாடு காயப் போடுகிற சிமெண்ட் தரை. முதலாளி காயல்பட்டினத்துக்காரர். எனக்கும் அதுதான் பிறந்த ஊர் என்பதால் நான் அவரைக் காக்கா என்பேன். காக்கா என்றால் எங்களிடத்தில் அண்ணன். என்பேன் என்று எழுதிவிட்டேனே தவிர, மனசுக்குள் சொல்வதுதான். நேரில் அவர் வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நெத்திலியைப் பார்த்துக் குனிந்துவிடுவேன்.

எனக்கும் சேர்த்துப் பேச ரோசம்மா இருந்தாள். களத்துக்குப் பொறுப்பு அவள்தான். மாதா கோயிலில் அவள் பாடினால் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுவார்கள், தேவைப்படாது. எனக்குத் தண்ணீர் தாகம் என்றால்கூட அவள்தான் சத்தம் போட்டுக் கேட்பாள்.

அவளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அவளுடைய வலது முட்டி. மழை வருகிறது என்றால் ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே அந்த முட்டி குடையும். எத்தனையோ வருஷமாக ஒரு தடவை தப்பியதில்லை. முதலாளி போனில் மழை என்று காட்டும், வானம் வெளுத்துக் கிடக்கும். போன் வெயில் என்று காட்டும், ரோசம்மா முட்டியைத் தடவிக்கொண்டு "தார்பாய எடுங்கட்டி" என்பாள். நாங்கள் மூடி முடிக்க மழை விழும். அப்புறம் முதலாளியே போனைப் பையில் போட்டுவிட்டுக் காலையில் வந்ததும், "என்ன ரோசம்மா, முட்டி என்ன சொல்லுது?" என்றுதான் கேட்பார். முட்டி சும்மா இருந்தால் கருவாடு வெயிலில். முட்டி பேசினால் கருவாடு தார்பாய்க்குள். அதுதான் எங்கள் களத்துச் சட்டம்.

அன்றைக்குக் காலையில் வேலைக்கு வருமுன் முத்தையாபுரத்தில் ரோசம்மா என்னைத் துணைக்கு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மறுநாள் ராத்திரி மாதா சப்பரம். ஊர் முழுக்கச் சப்பரத்துக்குப் பின்னால் நடக்க வேண்டும். டாக்டர் முட்டியில் ஓர் ஊசி போட்டார். வெளியே வந்ததும் காலை உதறிப் பார்த்தாள், படி இறங்கிப் பார்த்தாள், ரோட்டில் இரண்டு குதி குதித்தாள்.

"ஏளா மைமூனு, முட்டி இருக்கது மாதிரியே இல்லளா. முதலாளிகிட்ட மூச்சு விட்டுராத. நோவுன்னு தெரிஞ்சா என்னைய ஒரு மூலையில உக்கார வச்சிருவாரு."

என்னிடம் போய் மூச்சு விடாதே என்கிறாள், பாருங்கள்.

முதலாளி அன்றைக்கு ஊரில் ஒரு நிக்காஹ் என்று போயிருந்தார். மூன்று மணிக்குச் சாத்தான்குளம் வியாபாரி அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு சிப்பம் நெத்திலி தயாராக இருக்க வேண்டும். சிப்பம் என்பது ஓலைப்பாயில் கருவாட்டைப் போட்டு, சுற்றிக் கயிறு கட்டி, வாயைக் கோணி ஊசியால் தைக்கிற மூட்டை. ஒன்பது சிப்பத்துக்கு உண்டானதும் கொஞ்சம் மிச்சமும் முந்தின நாளே காய்ந்து ஷெட்டுக்குள் இருந்தது. மூன்றுக்கு உண்டானது களத்தில் கடைசி வெயிலுக்குக் கிடந்தது.

பத்து மணிவாக்கில் தென்மேற்கே ஒரு கறுப்பு மேகம் ஏறியது. பெண்கள் எல்லோரும் ரோசம்மாவைப் பார்த்தார்கள். அவள் முட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுஞ் சொல்லல. கல்லு மாதிரி கெடக்கு. நீங்க உங்க வேலையப் பாருங்க."

எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. முட்டி எப்படிச் சொல்லும்? அதற்குத்தான் காலையில் ஊசி போட்டு மயக்கியிருக்கிறோமே. வார்த்தை தொண்டை வரை வந்தது. நாற்பது பெண்கள், போதாததற்கு ஐஸ் இறக்க வந்த ஆள் வேறு நிற்கிறான். அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? ரோசம்மா பக்கத்தில் போய்க் காதில் சொல்லலாம் என்று நாலு எட்டு வைத்தேன். அஞ்சாவது எட்டுக்கு மழை விழுந்துவிட்டது.

என்ன மழை அது. தூத்துக்குடியில் ஆடி மாசத்தில் அப்படிப் பெய்து நான் பார்த்ததில்லை. தார்பாயை இழுத்தால் காற்று அதைத் தூக்கி ஐஸ் ஆள் தலையில் போர்த்தியது. அவன் உள்ளே இருந்துகொண்டு, "யாரு, யாரு" என்கிறான். நாங்கள் வாரியலோடும் கூடையோடும் மோதிக்கொண்டு விழுகிறோம். ரோசம்மா மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி களத்தைச் சுற்றி ஓடுகிறாள், முட்டி நோவே இல்லாமல். ஒரு டீ குடிக்கிற நேரம்தான். மழை நின்று, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வெயில் வந்துவிட்டது. மூன்று சிப்பத்துக்கான நெத்திலியும் நனைந்து கிடந்தது.

ரோசம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சத்தமில்லாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். முதலாளி இரண்டு மாசத்துக்கு முன்னால்தான் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொல்லியிருந்தார்: ஈரம் என்று ஒரு சிப்பம் திரும்பி வந்தால், அதைக் கட்டின ஆள் மறுநாள் களத்துக்கு வர வேண்டாம்.

"ஏளா, நான் வீட்டோட கெடந்தா அவருக்கு மாத்திர யாரு வாங்குவா?" என்றாள். அவள் புருஷன் விசைப்படகில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடந்தார். அவள் ஒரு கைதான் அந்த வீட்டுக்கு.

வெயிலும் கூடச் சேர்ந்து எங்களைக் கெடுத்தது. மத்தியானத்துக்குள் மேல் நெத்திலி பளபளவென்று வெள்ளி மாதிரி காய்ந்துவிட்டது. கையை உள்ளே விட்டால் சதசதவென்று ஈரம். ரோசம்மா எழுந்தாள்.

"மூணுலயும் ஈரத்த அடியில தள்ளிருவோம். ஷெட்டுலருந்து காஞ்சத ரெண்டு கூட எடுத்து மேல போடுவோம். அண்ணாச்சி வாயத் தொறந்து பாத்தா வெள்ளியா மின்னும். நீ தையி."

நான் தைத்தேன். இதை மறைக்கக் கூடாது. மூன்று சிப்பத்தின் வாயையும் என் கையால்தான் தைத்தேன். ரோசம்மா வேலை போகக் கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை. அதுவும் இரக்கம்தானே என்று மனசு சொன்னது.

அப்புறம் அவள் சாப்பிடப் போனாள். நான் ஷெட் மூலையில் மத்தியானத் தொழுகை லுஹருக்கு நின்றேன். தொழுகையில் நிற்கிறேன், மூக்கில் ஈர நெத்திலி வாடை. அந்த வாடை எனக்குச் சின்ன வயசுப் பழக்கம். நெத்திலிக் கருவாடு வாங்குகிறவள் யார்? மீன் வாங்க முடியாதவள். அண்ணாச்சி இதைச் சாத்தான்குளம் பக்கத்துச் சந்தைகளுக்குக் கொண்டுபோவார். வேலை முடிந்து வருகிற பெண்கள் ஒரு கை அளவு காகிதத்தில் பொதிந்து வாங்கிப் போவார்கள். மூன்று நாளில் பூஞ்சணம் பிடிக்கும். தூக்கிப் போட அவர்களுக்கு மனசு வராது. எங்கள் உம்மாவுக்கும் வந்ததில்லை. மூன்று தண்ணீர் விட்டுக் கழுவிப் பொரித்துத் தருவாள், நாங்கள் ராத்திரியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்போம்.

அப்போதுதான் பெண்கள் தொழுகிற தைக்காவில் மார்க்கப் பயான் சொல்லும் ஆலிமா சொன்னது ஞாபகம் வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நாள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். விரலில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டார்கள். மழை நனைத்துவிட்டது என்றான் விற்கிறவன். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றார்கள்.

நான் எத்தனையோ தடவை அதைக் கேட்டிருக்கிறேன். கோதுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் நெத்திலி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தேன். மழை பெய்தது குற்றமில்லை என்று அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது, பாருங்கள். மேலே வை, அவ்வளவுதான். அது என்னால் முடியும். ஏனென்றால் அதற்குப் பேச வேண்டியதில்லை.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது, பிள்ளைகளா. வாய் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்துவிடலாம் என்றால் என்னைப் போன்றவளுக்கு அது பெருநாள். ஓடிப் போய் மூன்று சிப்பத்தின் தையலையும் பிரித்தேன். கொட்டினேன். காய்ந்ததை அடியில் போட்டேன், ஈரத்தை மேலே வைத்தேன். திறந்தவர் கண்ணில் முதலில் அதுதான் பட வேண்டும். வாயை லேசாகத் தைத்து, கையைக் கழுவிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலத் தரம் பிரிக்க உட்கார்ந்துவிட்டேன். ரோசம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை.

மூன்று மணிக்கு முதலாளியும் அண்ணாச்சியும் வந்தார்கள். அண்ணாச்சி சந்தனப் பொட்டு வைத்த பெரிய மனுஷர். சிப்பத்தின் வாயைத் திறந்து பார்ப்பார், பிறகு முழங்கை வரைக்கும் கையை உள்ளே விடுவார். அவர் கைக்கு எல்லோருக்கும் பயம். நேராக வந்து அந்த மூன்றில் ஒன்றையே முதலில் திறந்தார்.

திறந்தவர் அப்படியே நின்றார். முதலாளியைப் பார்த்தார். முதலாளி எட்டிப் பார்த்தார். மேலேயே ஈரம், கறுத்துப்போய்.

"மொதலாளி," என்றார் அண்ணாச்சி, "நல்லத மேல வச்சி மத்தத அடியில வைக்கதுதான ஊர் வழக்கம்? மேலயே இப்படின்னா அடியில என்னத்த வச்சிருக்கிய?"

கையை விட்டார். முழங்கை போனது, தோள்பட்டை போனது. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடியில் இருந்து ஒரு கை நெத்திலி எடுத்தார். வெள்ளி மாதிரி மின்னியது.

"நாப்பது வருஷமா யாவாரம் பாக்கேன். நல்லத அடியில ஒளிச்சி வைக்கவங்கள இன்னைக்குத்தான் பாக்கேன்."

அதற்குள் ரோசம்மா ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். கண் பிதுங்கிவிட்டது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மொதலாளி, மாதா சத்தியமா நான் காஞ்சத மேலதான் போட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாயை இரண்டு கையாலும் மூடினாள்.

முதலாளி மெதுவாகக் கேட்டார். "அப்போ ஈரத்த அடியில போட்டியா?"

ரோசம்மாவுக்கு வாயிலிருந்து கை வரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்குப் பேச்சு நின்றுபோனால் அவளுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? இத்தனை வருஷம் எனக்காக அவள் பேசினாள். நான் எழுந்தேன். முக்காட்டை எத்தனை தடவை இழுத்தேனோ, கிழியாதது அல்லாஹ்வின் கிருபை.

"முட்டிக்கு ஊசி" என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. முதலாளி திரும்பிப் பார்த்தார். என் குரலை அவர் அதற்கு முன் கேட்டதில்லை, யார் பேசியது என்று தேடினார்.

"என்னது?"

"முட்டிக்கு ஊசி போட்டிருந்துது, காக்கா. மரத்துப்போச்சு. அதான் மழைய சொல்லல. எனக்குத் தெரியும். நான் சொல்லல." ஒரு தடவை மடை திறந்துவிட்டால் நிற்கவில்லை. "வாயத் தைச்சதும் நான்தான். பிரிச்சி ஈரத்த மேல வச்சதும் நான்தான். கட்டின ஆளு நான். நாளைக்கு வர வேண்டாம்னா நான்தான் வரக்கூடாது."

அது பொய் இல்லை, கவனியுங்கள். தோழிக்காக ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று எனக்கும் ஆசை இருந்தது. தேவைப்படவில்லை. உண்மையே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

முதலாளி ரோசம்மாவின் முட்டியைப் பார்த்தார். அண்ணாச்சியும் பார்த்தார். நாற்பது பெண்களும் பார்த்தார்கள். ரோசம்மா சேலையை இழுத்து முட்டியை மூடினாள். முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. அண்ணாச்சி சிப்பத்தின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "மயக்க மருந்து குடுத்துட்டு மழ வருமான்னு கேட்டிருக்காவ" என்று சொல்வார், மறுபடி சிரிப்பார்.

முதலாளி சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "திரும்பி வந்த சிப்பத்துக்குத்தான் நான் சட்டம் சொன்னேன். இந்தச் சிப்பம் போகவே இல்லையே. ரெண்டு பேரும் நாளைக்கு வாங்க."

அண்ணாச்சி எழுந்து மூன்று சிப்பத்தையும் ஓரமாகத் தள்ளினார். மீதி ஒன்பதையும் வண்டியில் ஏற்றச் சொன்னார். ஒன்றின் வாயைக்கூடத் திறக்கவில்லை.

"பாக்கலயா?" என்று முதலாளி கேட்டார்.

"ஈரத்த மேல வச்சிக் கட்டுத களத்துல நான் கைய விட்டுப் பாத்தா என் கைக்குத்தான் கேவலம்."

ரோசம்மாவுக்கு அதற்குள் உயிர் வந்துவிட்டது. "மொதலாளி, இந்த மூணையும் இல்லாதப்பட்டதுகளுக்குக் குடுத்துருவோமா? புண்ணியமாவது கெடைக்கும்."

"உன் வீட்டுக் கொழம்புல போடுவியா?"

"சீ, நாத்தம்."

"அவங்க வீட்டுல மட்டும் மணக்குமா? உனக்குத் தந்தா கண்ண மூடிக்கிட்டுத்தான் வாங்குவன்னு இருக்கறத ஏழைக்குத் தர்மமா நீட்டாதன்னு குர்ஆன்ல இருக்கு, ரோசம்மா. அது கோழித் தீவனத்துக்குப் போகட்டும்." சொல்லிவிட்டு, ஷெட்டில் மிச்சமிருந்த நல்ல நெத்திலியில் ஒரு கூடையை எடுத்து, களத்துக்குப் பின்னால் இருக்கிற குடிசைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். அதை ரோசம்மாதான் தலையில் வைத்துக்கொண்டு போனாள், ஆட்டமும் பாட்டமுமாக.

சாயங்காலம் பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். நிறுத்தத்தில் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, ஒரு வார்த்த சொல்லிட்டு மாத்தியிருக்கக் கூடாதா? பேயி வந்து பெரட்டிருச்சின்னுல்லா நெனச்சேன்."

"சொல்ல வரல."

"இத்தன வருசமா வரல ஒனக்கு." என்னை ஓர் அடி அடித்தாள். திடீரென்று "அம்மா" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசி இறங்கிவிட்டது. "மைமூனு, மழ வரப்போவுதுளா." காலையில் பெய்து முடிந்த மழைக்கு முட்டி சாயங்காலம் தகவல் அனுப்புகிறது. பஸ்ஸில் ஏறிய பிறகும் இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்காமல் எங்களைத் தாண்டிப் போய், திரும்பி வந்தார்.

ஒரு தண்டனை மட்டும் இருந்தது. மறுநாள் காலையில் முதலாளி வந்ததும் என்னைக் களத்து நடுவில் கூப்பிட்டு நிறுத்தினார். முந்தின நாள் மேகத்தைப் பார்த்ததும் நான் வாயைத் திறக்காததுதான் முதல் ஈரம் என்றார். இனிமேல் முட்டியை அவர் கேட்க மாட்டார். தினமும் காலையில் நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி நான்தான் கேட்க வேண்டும். கருவாட்டைப் போடுவதா மூடுவதா என்று முடிவும் நான்தான் சொல்ல வேண்டும்.

வேலையை விட்டே நிறுத்தியிருக்கலாம் என்று நினைத்தேன். நின்றேன். உதடு அசைந்தது. நாற்பது பேரும் காத்திருந்தார்கள். கடைசியில் எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது, என்னுடையதுதான்.

"ரோசம்மா, முட்டி என்ன சொல்லுது?"

ரோசம்மா முட்டியைத் தொடவே இல்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"முட்டி கெடக்கட்டும். நீ என்னளா சொல்லுத?"

நான் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு சின்ன மேகம் இருந்தது, கைக்குட்டை அளவுக்கு.

"தார்பாய எடுங்க" என்றேன், இத்தனை காலமும் சேர்த்து வைத்திருந்த சத்தத்தில்.

நாற்பது பேரும் ஓடி மூடினார்கள். முதலாளியும் ஒரு மூலையைப் பிடித்தார். அன்றைக்கு அந்தி வரைக்கும் ஒரு சொட்டு விழவில்லை.